சுவருக்குள் இருக்கும் பாறை

ஓசூர் சிப்காட்டைச் சுற்றி எழும்பும் வாடகை வீடுகளுக்கு ஜல்லியும் எம்-சாண்டும் கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கிரஷர்களிலிருந்து வருகின்றன. இங்கே சுவரில் துளை போடுகிறவர் உண்மையில் பாறையைத்தான் குடைகிறார். ஆற்று மணலில் கட்டிய பழைய சுவரும் விலக்கல்ல. பாறையில் போலவே அதிலும் குவார்ட்ஸ் எனும் சிலிக்கா உண்டு.

குவார்ட்ஸ் மாவாகும்போது, கண்ணுக்குப் படும் தூசியின் பெரும்பகுதி மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். கண்ணுக்குப் படாத துகளோ நுரையீரலின் அடிவரை இறங்கித் தழும்பாக்கும். அதுதான் சிலிக்கோசிஸ். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே அதை அறிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியலில் சேர்த்திருந்தது. அமெரிக்காவில் 2016இல் வந்த விதி, எட்டு மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராம் சிலிக்காவைத்தான் அனுமதிக்கிறது. காலண்டர் மாட்ட ஒரு துளை போடுகிறவர் கவலைப்பட வேண்டாம். நாள் முழுக்க வயரிங்குக்குக் காடி வெட்டுகிறவருக்குத்தான் ஆபத்து. அவரோ பெரும்பாலும் முகத்தில் துண்டைச் சுற்றிக்கொள்வதோடு சரி. துண்டு அந்தத் துகளைத் தடுக்காது. இடைவெளியில்லாமல் பொருந்தும் என்95 முகக்கவசம் வேண்டும், தூசியைத் துளையின் வாயிலேயே உறிஞ்சும் வாக்குவமும் வேண்டும். வேலை முடிந்து உலர்ந்த தூசியைத் துடைப்பத்தால் பெருக்கினால் எல்லாம் மறுபடி காற்றில்தான்.

கான்கிரீட்டுக்கான ரோட்டரி ஹாமரில் ஒரு பிஸ்டன் காற்றை அழுத்துகிறது. அந்தக் காற்று உள்ளே இருக்கும் சுத்தியை முன்னே எறிகிறது. அடிப்பது மெஷினின் வேலை, உடம்பைக் கொடுத்து அழுத்த வேண்டியதில்லை. பிட் கம்பியில் சிக்கி நின்றால், பிட்டுக்குப் பதில் மெஷின் சுழன்று மணிக்கட்டைத் திருகிவிடும். பக்கக் கைப்பிடியைக் கழற்றி ஓரமாய் வைத்துவிட்டு வேலை பார்ப்பது கெட்டிக்காரத்தனம் அல்ல.

சுவரில் ஒயர் வழக்கமாகச் சுவிட்ச் பாக்ஸுக்கு நேர் மேலும் கீழும் ஓடும். கூரையில் அப்படியில்லை: தளம் போடும்போதே ஃபேன் பாக்ஸிலிருந்து சுவருக்குக் குறுக்காகப் பைப் பதித்திருப்பார்கள். எனவே மெயினை அணைத்து, டெஸ்டரால் சரிபார்த்த பிறகே பிட்டை வைக்க வேண்டும். மெஷினுக்கான மின்சாரத்தை வேறு இணைப்பிலிருந்து, மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வழியாக எடுக்கலாம்.

தளத்தில் பிளம்பிங் பைப்புக்குக் கோர் கட்டிங் செய்யும்போது அந்த ஆர்.சி.சி.பி. கட்டாயம், ஏனென்றால் அங்கே தண்ணீரும் ஓடுகிறது. நான்கு அங்குல விட்டத்தில், ஐந்து அங்குலத் தளத்திலிருந்து பிரியும் கான்கிரீட் உருளை இரண்டு கிலோவுக்கு மேல் இருக்கும். மேலே மெஷினைப் பிடித்திருப்பவருக்குக் கீழ் அறை தெரியாது. ஆகவே கீழே கயிறு கட்டி, ஆட்கள் வராமல் பார்த்துக்கொள்ள ஒருவரை நிறுத்திய பிறகே சுவிட்சைத் தொட வேண்டும்.