அடிபட்ட பிறகு – 11: வேலூரில் வைத்த தகடு

நெல்லிக்குப்பத்துத் தம்பியை மறந்திருக்க மாட்டீர்கள். கரும்பு டிராக்டருக்கு ஒதுங்கப் போய் பைக்கோடு சாய்ந்தவர். ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று மறுநாளே வீட்டுக்கு வந்தவர். அவரை எந்த டாக்டரிடம் அழைத்துப்போவது என்று இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்கு முன் நாரி கான்ட்ராக்டரைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும்.

1962 மார்ச். பார்படோஸில் சார்லி கிரிஃபித் வீசிய பந்து, இந்திய கிரிக்கெட் அணித் தலைவர் கான்ட்ராக்டரின் மண்டையைப் பிளந்தது. ஹெல்மெட் இல்லாத காலம். அறுவை சிகிச்சைக்கு ரத்தம் கொடுத்தவர்களில் மேற்கிந்தியத் தீவுகள் அணித் தலைவர் ஃபிராங்க் வொரலும் ஒருவர். ஆறு நாள் நினைவில்லாமல் கிடந்தார் கான்ட்ராக்டர். நாடு திரும்பிய பிறகு அவருடைய மண்டையோட்டில் உலோகத் தகடு பொருத்தியவர் யார் தெரியுமா? நம் வேலூர் சிஎம்சியின் டாக்டர் ஜேக்கப் சாண்டி. கனடாவில் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்று வந்து, 1949இல் இந்தியாவின் முதல் நரம்பு அறுவை சிகிச்சைத் துறையை வேலூரில் தொடங்கியவர். அந்தத் தகடோடு மறுபடி மட்டை பிடித்தார் கான்ட்ராக்டர். 2022 ஏப்ரலில், அவருடைய 88ஆவது வயதில், மும்பையில் அதை எடுத்தார்கள். 60 ஆண்டு! இதைப் படித்த நாளிலிருந்து பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கான்ட்ராக்டருக்கு நேர்ந்தது எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. நம் தம்பியிடம் காட்டுவதற்கு ஒரு தழும்புகூட இல்லை. சிடி ஸ்கேன் ரத்தக் கசிவைக் காட்டும், எலும்பு முறிவைக் காட்டும். குலுங்கிய மூளைக்குள் மெல்லிய நரம்பிழைகள் இழுபட்டதை அது காட்டாது. பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் சரியாகிவிடும். சிலருக்கு மூன்று மாதம் தாண்டியும் தலைவலி, கிறுகிறுப்பு, மறதி, எரிச்சல், தூக்கமின்மை விடுவதில்லை. கரும்பு வண்டியின் பாட்டுச் சத்தம் கேட்டாலே நம் தம்பி காதைப் பொத்திக்கொள்கிறார்.

“ஸ்கேன்லதான் ஒண்ணுமில்லன்னுட்டாங்களே, இன்னும் ஏன்டா இப்படிப் படுத்தே கெடக்குற?” என்றார் அம்மா.

“நான் நடிக்கிறேன்னு நெனைக்கிறியாம்மா?”

அம்மாவைக் குறை சொல்ல முடியாது. “ஒன்றுமில்லை” என்று சொன்னவர்கள், “ரத்தக் கசிவு இல்லை, ஆனால் இப்படியெல்லாம் தொந்தரவு இருக்கலாம், இருந்தால் திரும்ப வாருங்கள்” என்று சொல்லி அனுப்பியிருக்க வேண்டும்.

தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேரத்துக்கு இலவச சிகிச்சை உண்டு. உயிர் காக்கும் திட்டம், அரசைப் பாராட்டத்தான் வேண்டும். இந்தத் தொடர் நாற்பத்தொன்பதாவது மணி நேரத்திலிருந்து தொடங்கும் கவலையைப் பற்றியது.

சரி, யாரிடம் போவது? ஊரில் “நரம்பு டாக்டர்” என்று பொதுவாகச் சொல்கிறோம். அறுவை சிகிச்சை செய்பவர் வேறு, நரம்பியல் மருத்துவர் வேறு. தம்பிக்கு வேண்டியவர் இரண்டாமவர். கடலூர் அரசு தலைமை மருத்துவமனையில் பொது மருத்துவரைப் பார்த்துக் கடிதம் வாங்கிக்கொண்டு ஜிப்மர் நரம்பியல் பிரிவுக்குப் போகலாம். பழைய ஸ்கேனும் டிஸ்சார்ஜ் சீட்டும் கையில் இருக்கட்டும். கூடவே ஒரு நோட்டு. விழுந்தபோது எவ்வளவு நேரம் நினைவில்லை, வலி எப்போது கூடுகிறது, எத்தனை மணி நேரம் தூக்கம் என்று எழுதி வைக்க வேண்டும். மெடிக்கலில் வாங்கிப் போடும் வலி மாத்திரைகளின் எண்ணிக்கையைக் கட்டாயம் எழுத வேண்டும். அன்றாடம் போட்டால் அந்த மாத்திரையே தலைவலியைத் தரும்.

படுக்கையில் புரண்டால் அறையே சுற்றுகிறது என்கிறாரே, அதற்குக் காரணம் காதின் உள்ளே இடம் பெயர்ந்த சுண்ணாம்புத் துகளாக இருக்கலாம். மாத்திரையே இல்லாமல், தலையை முறையாகத் திருப்பியே சரிசெய்யும் வித்தை அதற்கு உண்டு. இடம் போதவில்லை, அடுத்த வாரம் எழுதுகிறேன். ஆனால் அடிபட்டவருக்கு அடுத்தடுத்து வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்பினாலும் தெளியாத மயக்கம், வலிப்பு, ஒரு பக்கம் கைகால் தளர்ச்சி, மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர் வடிதல் என எது வந்தாலும் அடுத்த வாரம்வரை காத்திருக்க வேண்டாம். உடனே 108ஐக் கூப்பிடுங்கள்.

(தொடரும்)