மக்காச்சோளத்தின் நாடு



மெக்சிகோவுக்குத் தெற்கே, பசிபிக் பெருங்கடலுக்கும் கரிபியன் கடலுக்கும் இடையே உள்ள மலைநாடு குவாத்தமாலா. இருபதுக்கு மேற்பட்ட மாயா மொழிகள் அங்கே இன்றும் பேசப்படுகின்றன. மாயா மக்களின் பழைய நூலான போப்போல் வூ, கடவுளர் மனிதனை முதலில் மண்ணாலும் பின்னர் மரத்தாலும் செய்து பார்த்துத் தோற்று, இறுதியில் மக்காச்சோள மாவால் படைத்தார்கள் என்று கூறுகிறது. அந்நாட்டு அடுப்படியைப் பார்த்தால் இது வெறுங்கதையாகத் தோன்றாது.

நம் வீட்டில் இட்லிக்கு அரிசி ஊறுவதுபோல அங்கே சோளம் ஊறுகிறது. ஆனால் வெறும் தண்ணீரில் அன்று. சுண்ணாம்பு கரைத்த நீரில் வேகவைத்து, இரவு முழுவதும் அப்படியே விட்டுவிடுவார்கள். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பா என்று கேட்பீர்கள். அதேதான். காலையில் தோல் கழன்றிருக்கும். நன்றாகக் கழுவி, அரைத்து, கையால் தட்டிச் சுட்டால் 'தோர்த்தியா' என்னும் ரொட்டி தயார்.

இந்தச் சுண்ணாம்பில்தான் விஷயம் இருக்கிறது. சோளத்தில் உள்ள நயாசின் என்னும் வைட்டமின், உடலுக்குக் கிட்டாதபடி கட்டுண்டு கிடக்கிறது. சுண்ணாம்பு நீர் அந்தக் கட்டை அவிழ்க்கிறது. ஐரோப்பியர் சோள விதையை மட்டும் எடுத்துச் சென்றார்கள். சமைக்கும் முறையை விட்டுவிட்டார்கள். விளைவு என்ன? சோளத்தையே நம்பி வாழ்ந்த இத்தாலிய ஏழைகளையும், பின்னர் அமெரிக்காவின் தென்மாநில ஏழைகளையும் பெல்லாகிரா என்ற நோய் தாக்கியது. தோல் வெடித்து, வயிறு கெட்டு, புத்தி பேதலித்து ஆயிரமாயிரம் பேர் இறந்தார்கள். படிப்பறியாதவர் என்று எண்ணப்பட்ட மாயாப் பெண்களின் அடுப்பில் மருந்து இருந்தது, கேட்பார்தாம் இல்லை.

அதே மாவை, இறைச்சியும் தக்காளிக் குழம்பும் உள்ளே வைத்து, இலையில் பொதிந்து அவித்தால் 'தமால்'. பெயரைக் கேட்டு உறவு கொண்டாட வேண்டாம். அது மெக்சிகோவின் நஹுவாத்தல் மொழிச் சொல். சனிக்கிழமை மாலையில் சில வீட்டு வாசல்களில் சிவப்பு விளக்கு எரியும். இங்கே தமால் கிடைக்கும் என்பதற்கு அது அடையாளம். கிறிஸ்துமஸ் நள்ளிரவில் வாணவெடி முழங்க, வீடுதோறும் தமாலும் சூடான பழப் பானமும் உண்டு. தலைநகரில் நடன விடுதிகளும் இருக்கின்றன. அவை எந்தப் பெருநகரிலும் காண்பவையே. எனக்குப் பிடித்த இரவு டிசம்பர் 7. அன்று மாலை வீட்டுக் குப்பைகளைத் தெருவில் குவித்து, சாத்தானை எரிப்பதாகச் சொல்லித் தீமூட்டுவார்கள். நம் போகி நினைவுக்கு வருகிறதல்லவா?

நவம்பர் 1 இறந்தோர் நினைவுநாள். அன்று 'பியாம்ப்ரே' என்ற உணவு. காய்கறி, இறைச்சி, பாலாடைக்கட்டி என ஐம்பது வகைப் பொருள்கள்கூட அதில் சேரும், குளிர்ந்தபடியே உண்பார்கள். சந்தியாகோ சகாத்தேப்பெக்கேஸ், சும்பாங்கோ என்னும் ஊர்களில் அதே நாளில் மூங்கிலும் மெல்லிய வண்ணத்தாளும் கொண்டு பெரும் பட்டங்கள் செய்கிறார்கள். சிறியவை பறக்கும். பத்து மீட்டருக்கு மேல் அகலமுள்ளவற்றை நிமிர்த்தி நிறுத்திவைப்பார்கள். இக்கலையை யுனெஸ்கோ 2024இல் தன் பட்டியலில் சேர்த்தது. பட்டத்தின் நூல் இருப்பவரையும் இறந்தவரையும் இணைப்பதாக அவர்கள் நம்புகிறார்கள்.

1960 முதல் 1996 வரை அந்நாட்டில் உள்நாட்டுப் போர் நடந்தது. இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர் அல்லது காணாமற்போயினர் என்று உண்மையறியும் ஆணையம் 1999இல் கணக்கிட்டது. அவர்களுள் பெரும்பாலோர் மாயா மக்கள். பல குடும்பங்களுக்குப் பூவைக்கக் கல்லறைகூட இல்லை. ஆகவேதான் சில பட்டங்களில் பூவும் பறவையும் மட்டுமல்ல, அந்தப் போரின் காட்சிகளும் வண்ணத்தாளில் ஒட்டப்பட்டிருக்கின்றன. காற்று வீசும்போது அந்தத் தாள்கள் சலசலக்கும் ஓசை கல்லறைத் தோட்டம் முழுவதும் கேட்கும்.