கறுப்புத் திரை – 14: போட்டோத் தாளில் வந்த பிழை

போன வாரம் டோக்கன் கணக்கு பார்த்தோம். டெர்மினல் கொட்டுகிற ஒவ்வொரு வரியையும் ஏஐ உதவியாளர் காசுக்குத்தான் படிக்கிறது, படித்ததை அடுத்தடுத்த சுற்றிலும் கூடவே சுமக்கிறது. முன்கதை இவ்வளவுதான். புதிதாக வந்தவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளவும்.

இந்த வாரம் எழுதுகிறேன் என்று வாக்குக் கொடுத்தது, அந்த அவுட்புட்டை எப்போது சுருக்கலாம், எப்போது கை வைக்கவே கூடாது என்பதைப் பற்றி. செவ்வாய்க்கிழமை வரை ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. புதன்கிழமை 'ஸ்டாண்டர்ட் எரர்' பிறந்த கதை கையில் மாட்டியது. அதற்குப் பிறகு வேறெதிலும் மனம் ஓடவில்லை. உதவி ஆசிரியர் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார். "சார், உங்க பக்கம் மட்டும்தான் பாக்கி" என்றார் இரண்டாவது தடவை. குரலில் மரியாதை கொஞ்சம் குறைந்திருந்தது.

கதை நடந்தது 1970களில், நியூ ஜெர்சியின் மர்ரே ஹில்லில், பெல் லேப்ஸில். யூனிக்ஸ் பிறந்த வீடு. அன்றைக்கு ஒரு நிரலுக்கு வெளியே பேச ஒரே வாய்தான். விடையும் அதன் வழியாகத்தான் வரும், திட்டும் அதன் வழியாகத்தான் வரும். அங்கே ஒளி அச்சுக்கோப்பு இயந்திரம் ஒன்று இருந்தது. சி/ஏ/டி என்று பெயர். எழுத்துகளின் வடிவங்களை ஒளியால் போட்டோத் தாளில் பதிக்கும். அந்தத் தாளை ரசாயனத்தில் கழுவி எடுத்தால்தான் என்ன வந்திருக்கிறது என்று தெரியும். ஒரு பிற்பகல். பலர் தங்கள் ஆவணங்களை அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறார்கள். தாளைக் கழுவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், அழகான எழுத்துருவில், அச்சுக்கோப்பு இலக்கணம் பிசகாமல், ஒரே ஒரு வரி: இன்ன கோப்பைத் திறக்க முடியவில்லை.

ஒருவருக்கு நடந்திருந்தால் தலையெழுத்து என்று விட்டிருப்பார்கள். ஒரே நாளில் பல பேருக்கு நடந்தது. முணுமுணுப்பு போய்ச் சேர வேண்டிய காதுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. ஓரிரு நாட்களில் பிழைச் செய்திக்கென்று தனி வாய் திறந்துவிட்டார்கள். அதுதான் ஸ்டாண்டர்ட் எரர். யாக், லின்ட் ஆகியவற்றை எழுதிய ஸ்டீவ் ஜான்சன் சொல்லி நிலைத்த கதை இது. அச்சுத் தொழிலோடு கொஞ்சமாவது பழகியவன் என்ற முறையில், வீணாய்ப்போன அந்தத் தாளை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

சரி, இதற்கும் நம் ஏஐக்கும் என்ன சம்பந்தம்? உதவியாளர் ஒரு கட்டளையை ஓட்டும்போது பெரும்பாலும் இரண்டு வாய்ப் பேச்சும் ஒரே பாத்திரத்தில் பிடிக்கப்பட்டு அதற்குப் போகிறது. மர்ரே ஹில்லில் பிரித்து வைத்ததை நாம் திரும்பக் கலக்கிக் கொடுக்கிறோம். அதன் மேல் சுருக்குகிற கருவியையும் ஓட்டினால், பிழை எந்த மூலையில் நசுங்குகிறது என்று யாருக்குத் தெரியும்?

பழைய யூனிக்ஸ் ஆட்களிடம் இப்படி ஏஐக்காகச் சுருக்கும் கருவி கிடையாது. தேவைப்படவும் இல்லை. அவர்கள் முன்னால் இருந்த டெலிடைப் மாடல் 33 வினாடிக்கு 10 எழுத்துதான் அடிக்கும். அதனால் கோப்பை நகலெடுக்கும் 'சிபி' வேலை முடிந்தால் ஒரு வார்த்தை பேசாது. 'எட்' என்ற எடிட்டர் இன்னும் கல்நெஞ்சு: நீங்கள் என்ன தப்பு செய்தாலும் ஒரே ஒரு கேள்விக்குறி. அதைவிடச் சுருக்க முடியாது. அதை வைத்து எதையும் திருத்தவும் முடியாது. இன்றைய ஏஐயிடம் வெறும் கேள்விக்குறியைக் கொடுத்தால் அது அதே கட்டளையை வேறு விதமாக மறுபடி ஓட்டும். மிச்சம் பிடித்த டோக்கன் வட்டியோடு போகும்.

ஆகவே என் கட்சி இதுதான்: வெற்றியை எவ்வளவு வேண்டுமானாலும் பிழி, தோல்வியைத் தொடாதே. 900 டெஸ்ட் தேறிவிட்டால் "900 தேறின" என்ற ஒரு வரி போதும். ஒன்று விழுந்தால் அந்த ஒன்றின் முழுப் புலம்பலும் வேண்டும். வண்ணம் காட்டும் குறிகள், நகரும் முன்னேற்றப் பட்டைகள், ஒரே எச்சரிக்கை நூறு தடவை வருவது, இவற்றை யோசிக்காமல் களையலாம். (வரிக்கு வரி நேர முத்திரை இருந்தால், அடுத்தடுத்து வரும் ஒரே மாதிரி வரிகளை ஒன்றாக்கும் 'யூனிக்' கட்டளை அவற்றை ஒன்றாகப் பார்க்காது. முத்திரையை முதலில் வெட்டுங்கள்.) ஆனால் கோப்பின் உள்ளடக்கத்தையும் டிஃப்பையும் சுருக்குகிறவர்களை எனக்குப் புரியவே இல்லை. பல உதவியாளர்கள் பழைய வரியை அப்படியே எழுத்துக்கு எழுத்து பொருத்தித்தான் திருத்தம் செய்கின்றன. ஒரு இடைவெளி மாறினாலும் பொருந்தாது.

அவுட்புட்டின் தலையை வைத்துக்கொள்வதா, வாலை வைத்துக்கொள்வதா என்பது இன்னொரு தகராறு. சி++ கம்பைலர் ஒரு அரைப்புள்ளிக்காக ஊரைக் கூட்டும். அங்கே முதல் பிழைதான் பெரும்பாலும் மூலம், மற்றவை அதன் எதிரொலி. பைடெஸ்ட்டில் தலைகீழ்: சாரம் கடைசியில் இருக்கும். கடைசி வரிகளை மட்டும் காட்டும் 'டெயில்' கட்டளையை எல்லாவற்றுக்கும் போடுகிறவன் பாதி நேரம் தவறான முனையைப் பிடித்திருப்பான்.

அந்தப் பாதியில் நானும் இருந்திருக்கிறேன். தரவுத்தளத்தை மாற்றும் ஸ்கிரிப்ட் ஒன்றை உதவியாளரிடம் ஓட்டச் சொன்னேன், கூடவே "கடைசி 5 வரி போதும்" என்று டெயிலோடு பைப் போடச் சொல்லி என் சிக்கனத்தைக் காட்டினேன். ஸ்கிரிப்ட் நடுவழியில் விழுந்தது. விழுந்த பிறகு கடமை தவறாமல் தற்காலிகக் கோப்புகளை வரி வரியாக அழித்துவிட்டுப் போனது. கடைசி 5 வரியில் இருந்தது அந்தத் துப்புரவு மட்டும். அதைவிட மோசம் எக்ஸிட் கோடு: பைப் போட்டால் ஷெல் சாதாரணமாகக் கடைசிக் கட்டளையின் கோடைத்தான் திருப்பிக் கொடுக்கும். கடைசிக் கட்டளை டெயில். டெயிலுக்கு ஒரு குறையும் இல்லை, அதனால் 0, அதாவது வெற்றி. "வெற்றிகரமாக முடிந்தது" என்று உதவியாளர் அறிவித்தது, நானும் நம்பித் தூங்கப் போனேன். அதன் மேல் எனக்குக் கோபம் இல்லை. நான் காட்டியதைத்தான் அது படித்தது.

இப்போது முழு அவுட்புட்டையும் 'டீ' வழியாக ஒரு கோப்பில் எழுதிவைத்து, சுருக்கத்தோடு அந்தக் கோப்பின் முகவரியையும் கொடுக்கிறேன். சந்தேகம் வந்தால் உதவியாளரே போய்ப் பார்த்துக்கொள்ளட்டும்.

ஒன்று விட்டுப்போயிற்று. அவுட்புட்டை உள்ளே வரும்போதே சுருக்குவதா, உரையாடல் நீண்ட பிறகு பின்னோக்கிப் போய்ச் சுருக்குவதா? பின்னால் போய்க் கை வைத்தால் ஏற்கெனவே படித்ததைச் சேமித்து வைத்திருக்கும் கேஷ் அந்த இடத்திலிருந்து செல்லாமல் போய், மலிவாகக் கிடைத்துக்கொண்டிருந்த டோக்கனுக்கு முழு விலை கொடுக்க வேண்டி வரும். அந்தக் கணக்கைத்தான் இன்று போட்டிருக்க வேண்டும். போட்டோத் தாள் இடத்தைத் தின்றுவிட்டது, அடுத்த வாரம்.

அதற்குள் ஒரு வேலை: உங்கள் உதவியாளர் கட்டளை ஓட்டுகிற ஷெல்லில், பைப்பில் எந்தக் கட்டளை விழுந்தாலும் தோல்வி என்றே சொல்லும் 'பைப்ஃபெயில்' போட்டிருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.