தொழில்நுட்ப உத்தியோகத்தர் உங்கள் காணிக்கு வரும்போது

சொந்தக் காணிக்குத் திரும்பியிருக்கிறீர்கள். வீட்டுத் திட்டப் பட்டியலில் உங்கள் பெயர் வந்ததும், மோட்டார் சைக்கிளில் ஒருவர் அளவு நாடாவும் கோப்பும் கொண்டு உங்கள் வளவுக்கு வருவார். அவர்தான் தொழில்நுட்ப உத்தியோகத்தர். வீடு கட்டி முடியும்வரை அடிக்கடி வருவார். சில வேளை ஒரு சுவரைப் பிரித்துக் கட்டச் சொல்வார். சில வேளை அடுத்த கட்டப் பணத்திற்கு இப்போது கையொப்பமிட முடியாது என்பார். அவர் என்ன பார்க்கிறார், ஏன் பார்க்கிறார் என்பது உங்களுக்குத் தெரிந்திருந்தால் காலமும் காசும் மிச்சமாகும்.

இந்த முறை எப்படி வந்தது?

போருக்குப் பின்னர் வடக்கு கிழக்கில் கட்டப்பட்ட வீடுகளில் பெரும்பகுதி "பயனாளியே கட்டும்" முறையில் கட்டப்பட்டது. இதற்கு நன்கு தெரிந்த உதாரணம் 50,000 வீடுகளுக்கான இந்திய வீட்டுத் திட்டம். அதன் முன்னோடிக் கட்டமான 1,000 வீடுகளின் வேலை 2010 நவம்பரில் அரியாலையில் தொடங்கிவைக்கப்பட்டது. அந்த வீடுகளை ஒப்பந்தக்காரர்கள் கட்டினார்கள். 2012 ஒக்டோபர் 2 அன்று தொடங்கிய அடுத்த கட்டத்தில் முறை மாறியது. புதிய வீட்டுக்கு 550,000 ரூபாய் பயனாளியின் வங்கிக் கணக்குக்கே கட்டங் கட்டமாக வந்தது. மேசனைப் பிடித்தது, சாமான் வாங்கியது, வேலையைப் பார்த்தது எல்லாம் குடும்பங்களே. ஐ.நா. ஹபிடாட், செஞ்சிலுவைச் சங்கம், ஹபிடாட் போர் ஹியூமனிட்டி, தேசிய வீடமைப்பு அதிகார சபை போன்ற அமைப்புகளின் உத்தியோகத்தர்கள் ஆலோசனை சொல்லி, வேலையைச் சரிபார்த்து, பணத்தை விடுவிக்கச் சிபாரிசு செய்தார்கள்.

பின்வந்த திட்டங்களில் தொகையும் விதிகளும் மாறின. அடிப்படை மாறவில்லை: வீட்டுக்குப் பொறுப்பு நீங்கள், தரத்திற்குச் சாட்சி உத்தியோகத்தர்.

முதல் வருகை: காணி

முதலில் அவர் பார்ப்பது காணியின் உரித்து. உறுதி இருந்தால் ஒரு பிரதியைக் கொடுங்கள், மூலத்தைக் கொடுக்க வேண்டாம். இடம்பெயர்வில் உறுதி தொலைந்திருந்தால் பயப்பட வேண்டாம். பதியப்பட்ட உறுதியின் அத்தாட்சிப்படுத்திய பிரதியைக் காணிப் பதிவகத்தில் விண்ணப்பித்துப் பெறலாம். எழுதிய நொத்தாரிசின் பெயர், ஆண்டு, உறுதி இலக்கம் ஆகியவற்றில் தெரிந்ததைச் சொன்னால் தேடுவது இலகு. பழைய வரி ரசீது, அயற்காணிக்காரரின் உறுதி என்பவையும் தேடலுக்கு உதவும். காணி பெற்றோர் பெயரில் இருந்து அவர்கள் இறந்திருந்தால், மற்ற உரித்தாளர்களின் எழுத்து மூலச் சம்மதத்தை முதலே பெற்றுக்கொள்ளுங்கள். அத்திவாரம் வெட்டிய பிறகு வரும் உரித்துப் பிணக்கு வீட்டையே நிறுத்திவிடும். வழக்குச் செலவுக்கு வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்தை நாடலாம்.

அடுத்தது எல்லை. 1990 ஜூனில் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறியவர்கள் பலர் இருபது வருடங்களுக்குப் பிறகே தங்கள் காணியை மீண்டும் கண்டார்கள். வேலி இல்லை, கிளுவை இல்லை, வடலியும் பற்றையும்தான். இப்படியான இடத்தில் பழைய கிணறு, முதிர்ந்த பனை, உடைந்த மதில் அடி என்பவை நல்ல அடையாளங்கள். ஆனாலும் அவற்றை மட்டும் நம்பிக் கட்ட வேண்டாம். அனுமதி பெற்ற நில அளவையாளரைக் கொண்டு அளந்து, அயலவர் முன்னிலையில் எல்லைக்கல் நடுங்கள். உறுதியில் "பரப்பு" என்று இருப்பது 10 பேர்ச். 16 பரப்பு ஓர் ஏக்கர். கிணற்றுப் பங்கும் வழி உரிமையும் உறுதியில் எழுதப்பட்டிருக்கிறதா என்று கவனியுங்கள். வீட்டை அந்த வழியை மறித்துக் கட்டக்கூடாது.

மூன்றாவது பாதுகாப்பு. கண்ணிவெடி அகற்றப்பட்டு மீளக்குடியமர விடுவிக்கப்பட்ட இடமா என்று அவர் கேட்பார். விடுவிக்கப்பட்ட காணியிலும் அத்திவாரம் வெட்டும்போது, கிணறு துப்புரவு செய்யும்போது, சந்தேகத்திற்கிடமான பொருள் கண்டால் தொட வேண்டாம், எரிக்க வேண்டாம். வேலையை நிறுத்தி, பிள்ளைகளை அகற்றி, பொலிசாருக்கோ கிராம அலுவலருக்கோ அறிவியுங்கள்.

அத்திவாரம் முதல் கூரை வரை

உத்தியோகத்தர் ஒரு நாளில் பல கிராமங்களில் பல வீடுகளுக்குப் போகிறார். மாலையில் அலுவலகத்தில் அறிக்கை எழுதி, படங்களை இணைத்து, எந்த வீட்டுக்கு அடுத்த கட்டப் பணம் போகலாம் என்று பதிவு செய்கிறார். அவர் உங்கள் வளவில் நிற்பது கொஞ்ச நேரம்தான். மற்ற நேரங்களில் பார்க்க வேண்டியவர் நீங்கள். அவர் பார்ப்பவற்றை நீங்களும் பார்க்கலாம்.

*மூலைமட்டம்.* மூலையிலிருந்து ஒரு கயிற்றில் 3 அடியும் மற்றதில் 4 அடியும் அளந்து குறியிடுங்கள். இரு குறிகளுக்கும் இடையில் சரியாக 5 அடி இருந்தால் மூலை சரி. அறையின் இரண்டு மூலைவிட்டங்களும் ஒரே நீளமாக இருக்க வேண்டும்.

*தள உயரம்.* 2008 நவம்பரில் நிஷா புயலோடு வந்த வெள்ளத்தை யாழ்ப்பாணத்தார் மறந்திருக்க மாட்டீர்கள். மாரியில் தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறும் என்று ஊரில் முதியவர்களைக் கேட்டு உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். தளம் அதற்கு மேலே இருக்க வேண்டும். அத்திவாரத்திற்கும் சுவருக்கும் இடையிலான ஈரத்தடுப்புப் படையை விட்டால் சுவரில் ஈரம் ஏறிப் பூச்சு கழரும். பிறகு திருத்துவது கடினம்.

*மணல்.* கடலோர மணலில் உப்பு இருந்தால் கொங்கிறீற்றுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடிக்கும். கம்பி வீங்கக் கொங்கிறீற்று வெடிக்கும். உவர்த் தண்ணீரும் அப்படியே. அனுமதிப்பத்திரத்துடன் வரும் மணலையே வாங்குங்கள். ஒரு கண்ணாடிப் போத்தலில் பாதிக்கு மணல் போட்டு, தண்ணீர் விட்டுக் குலுக்கி, சில மணித்தியாலம் அசையாமல் வையுங்கள். மேலே தடித்த களிப்படை படிந்தால் அந்த மணல் வேண்டாம்.

*சீமெந்துக் கல்.* அரிந்த கல்லை நிழலில் வைத்து ஏழு நாளாவது தண்ணீர் தெளிக்க வேண்டும். காயாத கல்லில் கட்டிய சுவர் பின்னர் வெடிக்கும். விரலால் சுரண்டினால் உதிரும் கல்லைத் திருப்பி அனுப்புங்கள்.

*கொங்கிறீற்று.* வழமையான கலவை 1:2:4. ஒரு பங்கு சீமெந்து, இரண்டு பங்கு மணல், நான்கு பங்கு கருங்கல் சல்லி. குடாநாட்டின் பாறை சுண்ணாம்புக்கல். கருங்கல் வெளியிலிருந்து வருவதால் விலை கூட. அதற்காகச் சுண்ணாம்புக்கல்லை உடைத்துக் கலப்பதைச் சம்மதிக்க வேண்டாம். மண்வெட்டியால் மதிப்பிடாமல் ஒரே பெட்டியால் அளக்கச் சொல்லுங்கள். கொங்கிறீற்று போடும் நாளை உத்தியோகத்தருக்கு முன்கூட்டியே அறிவியுங்கள். போட்ட பிறகு உள்ளே இருக்கும் கம்பியை எவரும் பார்க்க முடியாது. "கையொப்பமிட முடியாது" என்று அவர் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

*கூரை.* வளையும் சலாகையும் சுவரோடு கம்பியால் இறுகக் கட்டப்பட வேண்டும். ஓட்டின் பாரம் மட்டும் புயலில் கூரையைக் காக்காது. பனை தறிக்க அனுமதி தேவை. பிரதேச செயலகத்தில் முதலே விண்ணப்பியுங்கள்.

*மலசலகூடம்.* இங்கே பலர் குடிப்பது கிணற்றுத் தண்ணீர். சுண்ணாம்புக்கல்லில் வெடிப்பும் குகையும் இருப்பதால் குழியில் இறங்கும் கழிவு வேகமாகக் கிணற்றை அடையும். உங்கள் கிணற்றை மட்டுமன்றி அயலவரின் கிணற்றையும் பார்த்து இடம் தெரிவு செய்யுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் ஆலோசனை பெறாமல் குழி வெட்ட வேண்டாம்.

கடன் வாங்காமல் முடிக்க

திட்ட வீடு சுமார் 550 சதுர அடி. "பிள்ளைகள் வளருகிறார்கள், இன்னுமொரு அறை வைப்போம்" என்று தோன்றுவது இயல்பு. ஆனால் உதவித்தொகை அந்த அளவுக்கே கணக்கிடப்பட்டது. அத்திவாரத்தைப் பெருப்பித்த பல குடும்பங்கள் கூரைக்கு முன்னரே காசு முடிந்து, நகையை அடைவு வைத்து, நுண்கடன் எடுத்து, கிழமைக்குக் கிழமை தவணை கட்டித் தவித்தன. சில வீடுகள் யன்னல் இல்லாமலும் பூச்சு இல்லாமலும் நின்றன. உத்தியோகத்தர் படத்தில் உள்ள அளவை வலியுறுத்துவது இதனால்தான். பின்னாளில் அறை சேர்க்க விருப்பமென்றால் அவரிடம் சொல்லுங்கள். எந்தப் பக்கம் சேர்க்கலாம் என்று பார்த்து வாசலையும் கூரைச் சரிவையும் அதற்கேற்ப இப்போதே அமைக்கலாம். அதற்குச் செலவு கூடாது.

மேசனுடன் வாய்ப்பேச்சாக உடன்பட வேண்டாம். கூலி எவ்வளவு, எந்த வேலை முடிந்தால் எவ்வளவு கொடுப்பது என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். முழுக் கூலியையும் முற்பணமாகக் கொடுக்க வேண்டாம். பெண்கள் தனியாகப் பொறுப்பெடுத்துக் கட்டும் வீடுகளில் இது மிகவும் முக்கியம். அயலில் உள்ள சில குடும்பங்கள் சேர்ந்து சீமெந்தும் ஓடும் வாங்கினால் ஏற்றுக்கூலி குறையும். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை மாரி மழை. அதற்கு முன் கூரை ஏறும்படி வேலையைத் திட்டமிடுங்கள். சீமெந்துப் பைகளை நிலத்தில் படாமல் பலகையில் அடுக்குங்கள்.

உங்கள் உரிமை

உத்தியோகத்தரின் சேவைக்குக் கட்டணம் இல்லை. அவருக்குப் பணமோ பொருளோ கொடுக்க வேண்டியதில்லை. குறிப்பிட்ட கடையில் வாங்கும்படியோ குறிப்பிட்ட மேசனை எடுக்கும்படியோ எவரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. பணம் நிறுத்தப்பட்டால் காரணத்தையும் திருத்த வேண்டியதையும் எழுத்தில் கேளுங்கள். பதில் திருப்தியில்லை என்றால் திட்ட அலுவலகத்திலோ பிரதேச செயலகத்திலோ முறையிடலாம். முறையிட்டதற்காக உங்கள் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்படாது.

கோப்பில் வைத்திருக்க வேண்டியவை

- உறுதி அல்லது அனுமதிப்பத்திரத்தின் பிரதி, நில அளவைப் படம்
- தேசிய அடையாள அட்டை, குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் பிரதிகள்
- வீட்டுப் படமும் சாமான் பட்டியலும்
- மேசனுடன் எழுதிய உடன்படிக்கை
- எல்லாப் பற்றுச்சீட்டுகளும்
- உத்தியோகத்தர் வந்த திகதியும் அவர் சொன்ன திருத்தங்களும் எழுதிய கொப்பி

வீடு முடிந்த பிறகும் இந்தக் கோப்பை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரமாக வையுங்கள். ஒரு பிரதியை வேறு ஊரில் இருக்கும் உறவினரிடம் கொடுத்து வையுங்கள். உறுதியைத் தொலைத்துவிட்டு வருடக்கணக்காக அலைந்தவர்களுக்கு இதன் பெறுமதி தெரியும்.