வண்டியோடு வரும் நிழல்!

'டூர் போலாம் மச்சி'னு யாராவது ஆரம்பிச்சா, முதல்ல என்ன பேசுவீங்க? எந்த ஊர், யார் வண்டி, பெட்ரோலுக்கு யார் காசு... இந்த மூணுதானே? நாங்களும் அப்படித்தான். நாலாவதா ஒண்ணு பேசியிருக்கணும்னு எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது, ஒரு நுங்கு விக்கிற பாட்டி!

போன வருஷம் ஏப்ரல். செமஸ்டர் முடிஞ்ச ஜோர்ல அஞ்சு பேர் ஒரு நண்பனோட பெரியப்பா ஆம்னி வேனை வாங்கிக்கிட்டு ராமநாதபுரம் பக்கம் கிளம்பினோம். பிளான் ரொம்ப சிம்பிள். ஒரு கண்மாய்க் கரையில வண்டியை நிறுத்தி, சமைச்சு, சாப்பிட்டு, ராத்திரி நட்சத்திரம் பார்க்கறது. போய்ச் சேர்ந்தப்போ மணி பதினொண்ணரை. கண்மாய்ல பொட்டுத் தண்ணி இல்லை. சுத்தி கருவேல முள்ளு. அதுக்குக் கீழ உட்கார முயல் குட்டியா இருந்தாத்தான் முடியும்!

'விடுறா, வேன் நிழல்ல உட்காரலாம்'னு ஒருத்தன் ஐடியா கொடுத்தான். இறங்கிப் பார்த்தா... வேனுக்கு நிழலே இல்லை! சத்தியமா. தமிழ்நாட்டுல எல்லா ஊருக்கும் வருஷத்துல ரெண்டு நாள் உச்சிவேளையில சூரியன் நேரா தலைக்கு மேல வரும். ஒண்ணு ஏப்ரல்ல, இன்னொண்ணு பெரும்பாலும் ஆகஸ்ட்ல. 'நிழலில்லா நாள்'னு சயின்ஸ் வாத்தியார் சொல்லியிருப்பார், நாம தூங்கியிருப்போம். அந்த நாளையொட்டிப் போனா, வண்டியோட நிழல் வண்டிக்கு அடியிலேயே ஒளிஞ்சுக்கும்.

வேனுக்குள்ளேயும் இருக்க முடியலை. அடுப்புல வெச்ச இட்லிப் பானை மாதிரி கொதிக்குது. ஒரு மணி வாக்குல எங்கள்ல ஒருத்தன் 'தலை வலிக்குதுடா'ன்னான். அஞ்சே நிமிஷத்துல வாந்தி. அப்படியே சாஞ்சுட்டான். கை காலெல்லாம் உதறிப்போச்சு எங்களுக்கு.

ரோட்டோரம் ஒரு பாட்டி நுங்கு வித்துக்கிட்டிருந்தாங்க. அவங்க பேரனோட டி.வி.எஸ். 50-ல ஒரு முனை, பனை மரத்துல ஒரு முனைன்னு பழைய நூல் சேலையைக் கட்டி, அதுக்குக் கீழ ஜம்முனு உட்கார்ந்திருந்தாங்க. அவனைத் தூக்கிட்டுப் போய் அங்க படுக்க வெச்சோம். ஈரத் துணியால உடம்பைத் துடைச்சு, விசிறி, கொஞ்சம் தெளிஞ்சதும் தண்ணி, நுங்குனு கொடுத்து... அரை மணி நேரத்துல எழுந்து உட்கார்ந்துட்டான். அப்போ பாட்டி எங்களைப் பார்த்துக் கேட்டாங்க பாருங்க ஒரு கேள்வி:

"ஏம்ப்பா... இம்புட்டுப் பெரிய வண்டி வெச்சிருக்கீக, கயிறு வெச்சிருக்கீக. ஒரு சேலைத்துணிக்கா பஞ்சம்?"

அந்தக் கேள்வியிலதான் பிறந்தது எங்க 'வண்டிப் பந்தல்'. உங்க வண்டிக்கும் ஒண்ணு செஞ்சுக்கலாம். வாங்க!

எதுல செய்யறது?

மூணு சாய்ஸ் இருக்கு. முதலாவது, பிளாஸ்டிக் தார்ப்பாய். விலை குறைச்சல், வெயிட் கம்மி, மழைக்கும் தாங்கும். ஆனா, காத்துல 'படபட'னு சத்தம் போடும். ஓட்டை போட்ட இடத்துல சீக்கிரம் கிழியும். ரெண்டாவது, லாரிக்காரங்க போடற கான்வாஸ். உழைக்கும். ஆனா, கனம். ஈரத்தோட மடிச்சு வெச்சா பூஞ்சை பிடிச்சுடும். மூணாவது, நர்சரித் தோட்டத்துல பார்த்திருப்பீங்களே, பச்சை நிழல்வலை. 50, 75, 90 சதவிகிதம்னு நிழலோட அளவைச் சொல்லியே விப்பாங்க. காத்து உள்ளே புகுந்து வெளியே போயிடும். ஆனா, மழைக்கு உதவாது.

எங்க சாய்ஸ், தார்ப்பாயும் நிழல்வலையும் கூட்டணி! தார்ப்பாயை மட்டும் கட்டினா, அது வெயில்ல காய்ஞ்சு, அந்தச் சூட்டை நம்ம தலையிலேயே இறக்கும். அதுக்கு மேல ஒரு சாண் இடைவெளி விட்டு வலையைக் கட்டினா, பாதி வெயிலுக்கு மேல வலையே வாங்கிக்கும். நடுவுல ஓடற காத்து மிச்சச் சூட்டை அடிச்சுக்கிட்டுப் போயிடும்.

நாங்க பண்ணின தப்பு

முதல் தடவை அவசர அவசரமா தார்ப்பாயோட ஒரு விளிம்புல மூணு ஓட்டை போட்டு, வேன் மேல இருக்கற கேரியர்ல கட்டினோம். எதிர்ப்பக்கம் ரெண்டு பிளாஸ்டிக் பைப். காலேஜ் கிரவுண்ட்ல மேட்ச் அன்னிக்குக் கோலாகலத் திறப்பு விழா. பத்தாவது ஓவர்ல ஒரு காத்து. 'டர்ர்ர்'னு மூணு ஓட்டையும் ஒரே கோடா கிழிஞ்சு, பைப் பறந்து, ஸ்கோர் எழுதிக்கிட்டிருந்தவன் காதை உரசிட்டுப் போய் விழுந்துச்சு. நல்லவேளை, காதோட போச்சு!

கிழிஞ்சதைத் தூக்கிக்கிட்டுத் தார்ப்பாய் தைக்கிற கடைக்குப் போனோம். பார்த்ததுமே அந்த அண்ணன் சிரிச்சுட்டார். "மூணு கண்ணுல கட்டினா மூணு இடம்தான் தம்பி இழுவை தாங்கும். விளிம்பு முழுசையும் தாங்க வைங்க!" மொத்த இன்ஜினீயரிங்கும் அந்த ஒரே வரியில இருக்கு.

ஸ்டெப் பை ஸ்டெப்!

வண்டியை ஒட்டி 8 அடி நீளம், வெளியே 7 அடி அகலம். அஞ்சு பேர் தாராளமா உட்காரலாம். ஓரங்களை மடிச்சுத் தைக்கணும்ங்கறதால 9-க்கு 8 அடி துணி எடுத்துக்கங்க.

1. வண்டிப்பக்க விளிம்பை மடிச்சு, ஒரு பைப் நுழையற மாதிரி நீளமா உறை தைக்கச் சொல்லுங்க. அதுக்குள்ள ஒரு இன்ச் அலுமினியப் பைப்பைச் செருகி, பைப்பைக் கேரியரோட நாலு இடத்துல கட்டுங்க. இப்போ இழுவை எட்டடிக்கும் பரவிடும், கிழியாது.

2. எதிர்ப்பக்க மூலைகள்ல ரெட்டைத் துணி வெச்சுத் தைச்சு, பித்தளை வளையம் அடிச்சு வாங்கிக்கங்க. கடைக்காரங்க பாஷையில 'ஐலெட்'.

3. முன்பக்கத்துக்கு ரெண்டு கம்பு. அலுமினியப் பைப்போ, பந்தல்காரங்க பயன்படுத்தற சவுக்குக் கம்போ போதும். வளையற பிளாஸ்டிக் பைப் வேண்டவே வேண்டாம் (ஸ்கோரர் சாட்சி!). மணல்ல ஊன்றினா கம்பு இறங்கிடும். அடியில ஒரு பலகைத் துண்டு வைங்க.

4. கேரியரைவிட முன்பக்கம் அரையடியாவது தாழ்வா இருக்கணும். ஒரு மூலையை இன்னும் கொஞ்சம் இறக்கிட்டா, மழைத் தண்ணி அந்த வழியா வடிஞ்சுடும்.

5. ஒவ்வொரு கம்புக்கும் ரெண்டு கயிறு. ஒண்ணு முன்னால, ஒண்ணு பக்கவாட்டுல. முளைக்குச்சியை நேரா அடிக்காம, தலை பந்தலுக்கு வெளிப்பக்கம் சாயற மாதிரி அடிங்க. மணல் பூமியா? சாக்குல மணல் நிரப்பி, கயிற்றைக் கட்டி, குழி தோண்டிப் புதைச்சுடுங்க. அசையாது.

6. முடிச்சு, லாரிக்காரங்க போடறதுதான் பெஸ்ட். கயிற்றோட நடுவுல ஒரு கண்ணு போட்டு, முனையை முளைக்குச்சியைச் சுத்திக் கொண்டுவந்து, அந்தக் கண்ணுக்குள்ள விட்டு இழுங்க. கிணத்துக் கப்பி மாதிரி வேலை செய்யும். கொஞ்சம் இழுத்தாலே கயிறு விண்ணுனு நிக்கும்.

7. கயித்துல கலர் துணி கட்டி விடுங்க. ராத்திரி யாரும் தடுக்கி விழாம இருக்கணுமில்லையா?

எங்களுக்கு ஆன மொத்தச் செலவு சுமார் 2,500 ரூபாய். அஞ்சு பேர் பங்கு போட்டா, தலைக்கு ஐந்நூறு.

கொஞ்சம் கணக்கு... ப்ளீஸ்!

நம்ம பந்தலோட பரப்பு சுமார் 5 சதுர மீட்டர். மணிக்கு 30 கி.மீ. வேகத்துல அடிக்கிற காத்து நேருக்கு நேர் மோதினா, அது மேல விழற அழுத்தம் கிட்டத்தட்ட 20 கிலோ. வேகம் ரெண்டு மடங்கானா அழுத்தமும் ரெண்டு மடங்குதானேங்கறீங்களா? அதான் இல்லை. நாலு மடங்கு! 60 கி.மீ. காத்துல 80 கிலோவுக்கு மேல. அதாவது, ஒரு தடியன் பந்தல்ல தொங்கற மாதிரி. அதனால காத்து ஏற ஆரம்பிச்சாலே யோசிக்காம அவிழ்த்துடுங்க.

மழையும் அப்படித்தான். ஒரு சதுர மீட்டர்ல ஒரு மி.மீ. மழை பெஞ்சா ஒரு லிட்டர். 20 மி.மீ. பெஞ்சா, நம்ம பந்தல் மேல விழறது 100 லிட்டர், அதாவது 100 கிலோ. சாய்வு இல்லைன்னா மொத்தமும் நடுவுல தொப்பை போட்டுத் தேங்கும். மிச்சத்தை நீங்களே கற்பனை பண்ணிக்கங்க.

வண்டியை எப்படி நிறுத்தறதுன்னும் ஒரு கணக்கு உண்டு. மூஞ்சி வடக்கேயோ தெற்கேயோ பார்த்து நிறுத்துங்க. மத்தியானத்துக்கு மேலேயும் தங்கறதா இருந்தா, பந்தல் கிழக்குப் பக்கம் இருக்கட்டும். சூரியன் மேற்கே சாயச் சாய, வண்டியோட நிழலும் போனஸா கிடைக்கும். ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைக்க மறக்காதீங்க.

விளையாட்டில்லை, பாஸ்!

வண்டியில துளை போடறது, வெல்டிங் வைக்கிறதெல்லாம் வேண்டாம். கம்பெனி கொடுத்த விவரத்துக்கும் ஆர்.சி. புக்குக்கும் மாறா வண்டியை மாத்தறதை மோட்டார் வாகனச் சட்டத்தோட 52-வது பிரிவு தடுக்குது. கட்டி அவிழ்க்கற பந்தலா இருக்கட்டும். அவிழ்க்காம வண்டியை ஓர் அடிகூட நகர்த்தாதீங்க.

பந்தலுக்குக் கீழ ஆள் இருக்கும்போது ஏ.சி-க்காக இன்ஜினை ஓட விடாதீங்க. அந்தப் புகையில இருக்கற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. அடுப்பு, பந்தலுக்கு வெளியேதான். இடி மின்னல்னா பந்தலை விட்டுட்டு வேனுக்குள்ள ஏறி, கதவு கண்ணாடியெல்லாம் மூடிடுங்க. உலோகக் கூடு உங்களைக் காப்பாத்தும். பந்தல் கம்பு காப்பாத்தாது.

யாருக்காவது வெயில் தாக்கி, பேச்சு குழறினாலோ, நினைவு தப்பினாலோ... முதல் வேலை 108-க்கு போன். வண்டி வர்ற வரைக்கும் நிழல்ல படுக்க வெச்சு, உடம்பெல்லாம் தண்ணி ஊத்தி விசிறுங்க. நினைவில்லாதவங்க வாயில தண்ணி ஊத்தவே கூடாது.

முக்கியமா, இடம். வறண்டு கிடக்கற ஆத்து மணல்ல வண்டியை இறக்காதீங்க. மேல எங்கேயோ பெய்யற மழை, இங்கே சொல்லாம வரும். காட்டுக்குள்ள அனுமதி இல்லாம தங்காதீங்க, நெருப்பு மூட்டாதீங்க. 2018 மார்ச் 11-ம் தேதி தேனி மாவட்டம் குரங்கணியில மலையேறப் போனவங்க காட்டுத்தீயில சிக்கி, 20-க்கும் மேற்பட்டவங்க உயிரை விட்டாங்க. அவங்களும் நம்மள மாதிரி சந்தோஷமா கிளம்பினவங்கதான். தெரிஞ்சவங்க தோப்பு, களத்துமேடு, காலேஜ் கிரவுண்ட்... நமக்கு இடமா இல்லை?

இந்த வருஷமும் ஏப்ரல்ல அதே கண்மாய்க் கரைக்குப் போனோம். போன தடவை மயங்கினவன்தான் முதல் முளைக்குச்சியை அடிச்சான். பத்தே நிமிஷத்துல பந்தல் ரெடி. பாட்டியை நாங்களே போய்க் கூட்டிக்கிட்டு வந்தோம். மேல பார்த்தாங்க, கயிற்றைச் சுண்டிப் பார்த்தாங்க. "பரவாயில்லையே"ன்னாங்க. அப்புறம் என்ன தோணுச்சோ, பேரனைக் கூப்பிட்டு நுங்குக் கூடையை அங்கேயே கொண்டுவரச் சொல்லிட்டாங்க. அன்னிக்கு சாயந்தரம் வரைக்கும் நுங்கு வியாபாரம் எங்க பந்தல்லதான்!

நீங்க எப்போ கட்டப்போறீங்க?