கோபுரம் மரமன்று!

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை ஒருமுறை பேருந்தில் சென்று பாருங்கள். சாலையின் இருமருங்கிலும் தொழிற்சாலைகள். அவற்றின் கூரைகளுக்கும் மேலே இரும்புக் கோபுரங்கள். மின்சாரம் சுமப்பவை சில, செல்போன் அலைகளைப் பரப்புபவை சில. நம் பாட்டிமார் காலத்தில் இங்கே உயர்ந்து நின்றவை ஏரிக்கரைப் பனைமரங்களே. பனை ஏறத் தெரிந்தவர் கோபுரத்திலும் ஏறிவிடலாம் என்று நம் தம்பிமார் எண்ணக்கூடும். ஏறுவதற்குப் படிகளும் இருக்கின்றனவே! ஆனால் தோழியரே, மரத்தில் நாம் அஞ்சுவது பெரும்பாலும் விழுவதற்கே. கோபுரத்திலோ கண்ணுக்குத் தெரியாத ஆபத்துகள் பல உள்ளன.

முதலில் வானொலியை எடுத்துக்கொள்வோம். மத்திய அலை ஒலிபரப்பில் பெரும்பாலும் கோபுரமே ஆன்டெனாவாக வேலை செய்கிறது. சென்னை வானொலிக்கு உரிய 720 கிலோஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 416 மீட்டர். அதில் கால் பங்கு, அதாவது சுமார் 104 மீட்டர் உயரமுள்ள கோபுரம் அந்த அலையை நன்கு பரப்பும். இத்தகைய கோபுரத்தைப் பீங்கான் தாங்கியின் மேல் நிறுத்துவார்கள். ஒலிபரப்பின்போது அதன் உடல் முழுவதும் மின்னாற்றல் ஓடுகிறது. பறவை அமர்ந்தால் ஒன்றும் ஆவதில்லை; ஏனெனில் அது மண்ணைத் தொடவில்லை. மனிதன் தரையில் நின்று கை வைத்தாலோ, மின்னாற்றல் அவன் உடல் வழியே மண்ணுக்குப் பாயும், தசை கருகும். அதனால்தான் அதைச் சுற்றி வேலி போடுகிறார்கள்.

தொலைக்காட்சிக் கோபுரம் வேறு வகை. சென்னையில் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டு 15 அன்று தொடங்கியது. இராமேசுவரத்திலுள்ள தொலைக்காட்சிக் கோபுரத்தின் உயரம் 323 மீட்டர்! இவற்றில் ஆன்டெனா உச்சியில் இருக்கும். அதற்கு மிக அருகே செல்பவரின் உடலை அலைகள் உள்ளிருந்தே சூடாக்கும். மைக்ரோவேவ் அடுப்பில் உணவு சூடாவது போல. கண்ணின் வில்லையில் இரத்தக் குழாய் இல்லாததால் அது எளிதில் கெடும். ஆகவே, பணியாளர் ஏறுமுன் ஒலிபரப்பின் ஆற்றலைக் குறைப்பர் அல்லது நிறுத்துவர். தரையில் நிற்கும் நமக்கு அந்த அலைகள் மிக மெலிந்தே வந்து சேர்கின்றன. வீண் அச்சம் வேண்டாம்.

மின்கோபுரத்தையோ தொடக்கூட வேண்டியதில்லை. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். ஸ்ரீபெரும்புதூர்த் துணை மின் நிலையத்துக்கு வரும் பெரிய கம்பிகளில் 4 இலட்சம் வோல்ட்! நெருங்கி வருபவர்மீது அது காற்றைத் தாண்டிப் பாயும்.

விழுவதன் கொடுமையையும் கணக்கிட்டுப் பார்ப்போம். 40 மீட்டர் உயரத்திலிருந்து விழும் உடல் 3 வினாடிக்குள் தரையை அடையும். அப்போது அதன் வேகம் மணிக்கு சுமார் 100 கிலோமீட்டர். வெயிலில் இரும்பு கொதிக்கும், கை வியர்க்கும், மேலே காற்று பலமாக வீசும். ஆவலில் ஏறிய கால்கள் இறங்கும்போது நடுங்கும்.

பயிற்சி பெற்றவர்களுக்கும் இது ஆபத்தான தொழிலே. 1982-இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகருக்கருகே ஓர் ஆன்டெனாவை மேலே தூக்கும்போது பிடிப்பு முறிந்து கோபுரமே சரிந்தது. தொழிலாளர் ஐவர் மாண்டனர்.

நம் மாநிலத்தில் சிலர் கோரிக்கைக்காகவும் கோபுரம் ஏறுகின்றனர். சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த காந்தியவாதி சசிபெருமாள் மதுவிலக்குக்காகப் பலமுறை உண்ணாவிரதம் இருந்தவர். 2015 ஜூலை 31 அன்று குமரி மாவட்டம் உண்ணாமலைக்கடையில், மதுக்கடையை அகற்றக் கோரி அவர் செல்போன் கோபுரத்தில் ஏறினார். சில மணி நேரத்துக்குப் பின் கீழே இறக்கி மருத்துவமனைக்குக் கொண்டு சென்றும் உயிர் பிழைக்கவில்லை. நோக்கம் உயர்ந்ததுதான். ஆனால் அந்தக் குரல் இன்னும் எத்தனை ஆண்டுகள் நமக்காகப் பேசியிருக்கும்!

உயரத்திலிருந்து ஒருவரை மீட்பது எளிதன்று. மயங்கிய ஒருவர் கயிற்றில் அசையாமல் தொங்கினால் இரத்தம் கால்களில் தேங்கி உயிருக்கே ஆபத்தாகும். மீட்க ஏறும் தீயணைப்பு வீரரும் தம் உயிரைப் பணயம் வைக்கிறார்.

ஆகவே யாரேனும் கோபுரத்தில் ஏறியதைக் கண்டால் உடனே 112-க்குச் சொல்லுங்கள். பின்தொடர்ந்து ஏற வேண்டாம். கூச்சலிடவோ செல்போனில் படம் பிடிக்கவோ வேண்டாம். அவருக்கு வேண்டியவர் ஒருவர் கீழிருந்து அமைதியாகப் பேசட்டும்.

தம்பியின் பட்டம் கம்பியில் சிக்கினால், அது அங்கேயே இருக்கட்டும். வேறு பட்டம் செய்துகொள்ளலாம். வேறு தம்பிக்கு எங்கே போவது? இதை இன்று மாலையே வீட்டில் சொல்லுவோமா, தோழியரே?