நாய்க்கும் வரும் இனிப்பு நீர்



விடியற்காலையில் பெரட்டுக்குப் புறப்படும் நம்மை வாசல்வரை வந்து வழியனுப்புவதும், நாம் வேலைக்குப் போனபின் வீட்டைக் காப்பதும் நம் நாய்தான். அது திடீரென்று சட்டி சட்டியாகத் தண்ணீர் குடிக்கிறது. அடிக்கடி சிறுநீர் கழிக்கிறது. நிறையத் தின்றும் இளைத்துப்போகிறது. 'கிழடாகிவிட்டது' என்று நாம் விட்டுவிடுகிறோம். இரவில் வீட்டை நனைக்கிறதே என்று தண்ணீர்ச் சட்டியை எடுத்துவிடுவோரும் போர்டிக்சன் பக்கத்துத் தோட்டங்களில் உண்டு. அது பெருந்தவறு.

நம்மில் பலர் வீட்டில் பெரியவர்களுக்கு இருக்கும் இனிப்பு நீர்தான் இது. வயிற்றிலுள்ள கணையம் என்னும் உறுப்பு இன்சுலினைச் சுரக்கிறது. இரத்தத்திலுள்ள சர்க்கரையைத் தசைகளுக்குள் செலுத்துவது இன்சுலினே. அது இல்லாவிட்டால், அரிசி மூட்டை வாசலில் கிடக்க உள்ளே பிள்ளைகள் பட்டினி கிடப்பது போலாகும். மிஞ்சிய சர்க்கரை சிறுநீரில் போகும்; போகையில் தண்ணீரையும் இழுத்துச் செல்லும். அதனால்தான் அந்தத் தாகம். தண்ணீரைத் தடுத்தால் நாயின் உயிருக்கே ஆபத்து.

என்ன செய்யலாம்? கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய் இரத்தத்தையும் சிறுநீரையும் சோதிப்போம். தாத்தாவின் மாத்திரையைக் கொடுக்கக்கூடாது. நாய்க்குப் பெரும்பாலும் இன்சுலின் ஊசியே வேண்டும். வழக்கமாகத் தினமும் இருவேளை, சாப்பிட்டபின். அளவை மருத்துவர் சொல்வார். போடும் முறையையும் அவரே காட்டித் தருவார். உணவு ஒரே நேரம், ஒரே அளவு. கெட்டிப்பால் தேநீரும் பிஸ்கட்டும் வேண்டாம். சாப்பிட மறுத்தால் ஊசி போடுமுன் மருத்துவரைக் கேட்போம். ஊசிக்குப்பின் தள்ளாடினால், நடுங்கினால், சர்க்கரை மிகக் குறைந்துவிட்டதென்று பொருள். ஈறில் தேனையோ சர்க்கரைத் தண்ணீரையோ தடவி, உடனே மருத்துவரிடம் விரைவோம்.

செலவு உண்டுதான். ஆனால் நாம் நாய்க்குப் பட்ட கடனும் உண்டு. கணையத்தை எடுத்துவிட்டால் இந்நோய் வருமென்று 1889-இல் மின்கோவ்ஸ்கியும் மேரிங்கும் கண்டது நாயின் உடலில்தான். 1921-இல் கனடாவின் டொரொண்டோ நகரில் பாண்டிங்கும் பெஸ்டும் கணையச் சாற்றைச் சோதித்ததும் நாய்களிடமே. 1922-இல் அம்மருந்து 14 வயதுச் சிறுவனுக்கு உயிர் தந்தது. இன்று நம் வீட்டுப் பெரியவர் போட்டுக்கொள்ளும் இன்சுலின் அப்படி வந்ததே.

ஆகவே, இன்றிரவு தண்ணீர்ச் சட்டி இருந்த இடத்திலேயே இருக்கட்டும். நாளையே மருத்துவரைப் பார்ப்போம்.